சுவரைவிடக் கண்ணாடி அதிகம்: டார்பிஷரில் ஐந்து நாள்

முதல் நாள், நாட்டிங்ஹாம்

நேற்று இரவுதான் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவள் இங்கே குடியேறிப் பத்து வருடம் ஆகிறது, போனில் பேசும்போதெல்லாம் வா வா என்பாள், இந்த மே மாதம்தான் வாய்த்தது. லண்டனை இரண்டே நாளில் முடித்துக்கொண்டு மிச்ச நாளை எல்லாம் பழைய வீடுகளுக்கு ஒதுக்கிவிட்டேன். அத்தான் லீவு போட்டிருக்கிறார். கார் ஓட்டுவது அவர், எங்கே போவது என்று சொல்வது நான்.

வீடு பார்க்கவா அவ்வளவு தூரம் போகிறாய் என்று ஊரில் கேட்டார்கள். என் அப்பா கொத்தனார். பள்ளிக்கூட லீவு நாட்களில் அவரோடு வேலைக்குப் போய் செங்கல் எடுத்துக் கொடுத்து, தூக்குக்குண்டு பிடித்து வளர்ந்தவன் நான். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் இதன் பாரம் எங்கே இறங்குகிறது என்றுதான் கண் முதலில் தேடும், அது அப்பா கற்றுக்கொடுத்த பார்வை.

இன்று போனது நாட்டிங்ஹாமிலேயே இருக்கும் வுல்லட்டன் ஹால். நிலக்கரியில் சம்பாதித்த சர் பிரான்சிஸ் வில்லபி 1580 முதல் 1588 வரை கட்டியது, இப்போது உள்ளே இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. நாலு மூலையிலும் கோபுரம், நடுவில் எல்லாவற்றுக்கும் மேலே எழும்பி நிற்கும் ஒரு கூடம், உடம்பு முழுக்க அலங்காரம். எனக்கு அலங்காரம் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் அங்கிருந்து வுல்லட்டன் தேவாலயத்துக்குப் போய் ராபர்ட் ஸ்மித்ஸனின் நினைவுக் கல் முன்னால் நின்றபோது மனசு நிறைந்துவிட்டது. இந்த மாளிகையை வடிவமைத்தவர் அவர்தான். 1568-இல் லாங்லீட் என்ற மாளிகையில் கல்வேலைக்குச் சேர்ந்தவர், 1614-இல் இறந்தபோது அவருடைய கல்லில் 'ஆர்க்கிடெக்டர்', அதாவது கட்டடக் கலைஞர், என்று பொறித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் அந்தச் சொல்லே அப்போது புழக்கத்துக்கு வராத காலம், வீடு என்றால் தலைமைக் கொத்தனாரும் வீட்டுக்காரரும் பேசி முடிவு செய்வதுதான் வழக்கம். உளி பிடித்த கை ஒன்றுக்கு அந்தப் பட்டம் கிடைத்திருக்கிறது. அப்பாவுக்கு அந்தக் கல்லைப் படம் எடுத்து அனுப்பினேன்.

நாளை பக்கத்து மாவட்டமான டார்பிஷரில், அதே ஸ்மித்ஸனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஹார்ட்விக்.

இரண்டாம் நாள், ஹார்ட்விக் பழைய மாளிகை

ஹார்ட்விக்கில் வீடு ஒன்றல்ல, இரண்டு. ஒரே மேட்டில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஒன்று கூரை போன பாழ், இன்னொன்று முழுசு. இரண்டையும் கட்டியது ஒரே அம்மாள், அதுவும் சில ஆண்டு இடைவெளியில். ஏன் என்று புரிந்துகொள்ளவே எனக்கு இன்று முழுநாள் ஆனது.

அவர் பெயர் எலிசபெத், எல்லோரும் சொல்வது பெஸ். இந்த ஹார்ட்விக்கில் ஓரளவு நிலம் மட்டும் இருந்த குடும்பத்தில் 1520-களில் பிறந்தவர். நாலு கல்யாணம். முதல் கணவர் கொஞ்ச நாளிலேயே போய்விட்டார். இரண்டாவது சர் வில்லியம் கேவண்டிஷ், எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது அந்தச் சொத்துக் கணக்குகளைப் பார்த்த அதிகாரிகளில் ஒருவர். பெஸ்ஸுக்குப் பிள்ளைகள் எல்லாம் இவர் வழியாகத்தான். மூன்றாவது சர் வில்லியம் செயிண்ட் லோ. நாலாவது ஷ்ரூஸ்பரி பிரபு ஜார்ஜ் டால்பட், நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். ஸ்காட்லாந்து ராணி மேரியைப் பதினைந்து ஆண்டுபோலக் காவலில் வைத்திருக்கும் பொறுப்பு 1569 முதல் இந்தக் கணவர் தலையில் விழுந்தது. ஒரு ராணியையும் அவள் பரிவாரத்தையும் வீட்டில் வைத்துச் சோறு போட்டதில் அவருக்குப் பணம் கரைந்தது, நிம்மதி போனது, பெஸ்ஸோடு இருந்த உறவும் முறிந்தது. 1584-இல் பெஸ், தானும் கேவண்டிஷும் கட்டிய சாட்ஸ்வர்த் வீட்டை விட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தார். சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்த பெண் அழுதுகொண்டு உட்காரவில்லை, 1587-இல் அந்தச் சின்ன வீட்டை இடித்து நீட்டி உயர்த்தத் தொடங்கிவிட்டார். அதுதான் பழைய மாளிகை.

வடிவம் பார்த்தாலே தெரிகிறது, முன்கூட்டி ஒரே வரைபடம் போட்டுக் கட்டியது இல்லை, தோன்றத் தோன்றச் சேர்த்தது. படி ஏறி மேல் தளத்துக்குப் போகலாம். கூரையில்லாத அறையின் கணப்புக்கு மேலே இரண்டு பெரிய சுதை உருவங்கள், காக், மேகாக் என்ற ராட்சதர்கள், இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்தில் செய்த வேலை, கீழே தளமே இல்லாத சுவரில், நானூறு வருடத்துக்கு மேல். நம் ஊர்க் கோபுரச் சுதைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் சாந்தின் விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, கை எட்டவில்லை.

மேலிருந்து ஜன்னல் ஓட்டை வழியாகப் புதிய மாளிகை முழுசாகத் தெரிகிறது. அங்கேதான் அத்தான் ஒரு கேள்வி கேட்டார், "இது முடியும் முன்னேயே அடுத்ததை ஏன் ஆரம்பிச்சாங்க?" பதில் 1590 என்ற வருடத்தில் இருக்கிறது. அந்த நவம்பரில் ஷ்ரூஸ்பரி பிரபு இறந்தார். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி கட்டிய பெண்ணின் சொத்து கணவன் கையில். விதவையானால்தான் அவள் பங்கு அவளுடையது. பழைய மாளிகை, கணவனோடு வழக்காடிக்கொண்டே கைக்குக் கிடைத்ததை வைத்துக் கட்டியது. அதே ஆண்டில் தொடங்கிய புதியது, யாரையும் கேட்க வேண்டியிராத, நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவராகிவிட்ட பெண் கட்டியது.

திரும்பும் வழியில் ஆல்ட் ஹக்னல் என்ற சின்னக் கிராமத்துத் தேவாலயம். தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸின் சமாதி அங்கே தரையில் ஒரு கறுப்புக் கல்லாக இருக்கிறது. கேவண்டிஷ் பிள்ளைகளுக்கு ஆசிரியராக வந்தவர், 1679-இல் 91 வயதில் ஹார்ட்விக்கில்தான் இறந்தார். அக்கா கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள், ஹார்ட்விக் புதிய மாளிகை

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

முகப்பு மேற்குப் பார்த்தது. ஆறு கோபுரங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் கல்லில் வெட்டிய ES என்ற ஆங்கில எழுத்துகள், எலிசபெத் ஷ்ரூஸ்பரி, மேலே பிரபுவம்சத்து மகுடம். எந்தத் திசையில் இருந்து வந்தாலும் வானத்தை ஒட்டி அவர் பெயர்தான் முதலில் தெரியும். அப்புறம் கண்ணாடி. "ஹார்ட்விக் ஹால், சுவரைவிடக் கண்ணாடி அதிகம்" என்று இங்கே பழைய ஊர்ச்சொல் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பெரிய கண்ணாடித் தகடு செய்யத் தெரியாது, சின்னச் சின்னத் துண்டுகளை ஈயப் பட்டையில் கோத்துத்தான் ஜன்னல் செய்வார்கள், விலையோ அதிகம். இவ்வளவு ஜன்னல் வைப்பது சுவரில் பணத்தை ஒட்டிவைப்பது மாதிரி.

சரி, பாரம் எங்கே இறங்குகிறது? வெளிச்சுவரில் பாதிக்கு மேல் ஓட்டை என்றால் வீடு எப்படி நிற்கிறது? உள்ளே போய்ப் பார்த்தால் விடை கிடைக்கிறது. வீட்டின் முதுகெலும்பு மாதிரி நடுவில் தடித்த சுவர் நீளவாக்கில் ஓடுகிறது, கணப்புகளையும் புகைபோக்கிகளையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். அதனால் வெளிச்சுவருக்குப் புகைபோக்கி வேலை இல்லை, அதைத் தாராளமாகத் திறந்துவிட முடிந்தது. ஆறு கோபுரங்களும் முட்டுக்கொடுத்த மாதிரி சுவரைப் பிடித்துக்கொள்கின்றன. அப்படியும் சில ஜன்னல்கள் பொய், வெளியே கண்ணாடி இருக்கும், பின்னால் சுவர். முகப்பின் ஒழுங்கு கெடக்கூடாது என்பதற்காக. இன்னொரு விஷயம், கீழ்த்தளத்தில் ஜன்னல் குட்டை, முதல் மாடியில் அதைவிட உயரம், இரண்டாவது மாடியில் மிக உயரம். மேலே போகப் போகச் சுவர் குறைந்து கண்ணாடி கூடுகிறது. வேலைக்காரர்கள் கீழே, பெஸ் நடுவில், அரசி வந்தால் தங்க வேண்டிய அறைகள் உச்சியில், அதாவது யாருக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதைத் தெருவில் நிற்பவனே படித்துவிடலாம்.

கல் இந்த மேட்டுச் சரிவிலேயே வெட்டியது. மரம் அவர் காட்டில் இருந்து, ஈயம், இரும்பு, கண்ணாடி எல்லாம் அவருடைய சொந்தப் பட்டறைகளில் இருந்து. கணக்குப் புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன, பக்கத்துக்குப் பக்கம் அவரே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேலை செய்தவர்களின் பெயரும் அதில் இருப்பதால் நமக்குத் தெரிகிறது: கல்லுக்கு ஜான் ரோட்ஸ், கிறிஸ்டபர் ரோட்ஸ், முந்தாநாள் பார்த்த வுல்லட்டனில் வேலை முடித்து இங்கே வந்தவர்கள், பளிங்குக்குத் தாமஸ் ஆக்கர்ஸ், சுதைக்கு ஆபிரகாம் ஸ்மித். இப்படிப் பெயர் தங்கிய கொத்தனார்கள் உலகத்தில் எத்தனை பேர்?

வாசலைத் தாண்டியதும் கூடம். மற்ற பழைய வீடுகளில் கூடம் முகப்புக்கு இணையாகப் பக்கவாட்டில் நீளும், அதன் ஒரு ஓரத்தில்தான் நுழைய வேண்டும். இங்கே கூடத்தை அப்படியே திருப்பி வாசலில் இருந்து நேராகப் பின்பக்கம் போகும்படி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் அது புதுசு. அதனால்தான் முகப்பு நடுவாசலோடு இரு பக்கமும் சமமாக நிற்க முடிகிறது.

அங்கிருந்து கல்படி. அகலமான, உயரம் குறைந்த படிகள், வளைந்து வளைந்து, இருட்டுக்குள் போய் வெளிச்சத்துக்கு வந்து, மறுபடி திரும்பி, கடைசியில் உச்சித் தளத்தின் பெருங்கூடத்தில் கொண்டுவிடுகிறது. சாப்பாட்டை இந்தப் படி வழியாகத்தான் கீழ்த்தள அடுக்களையில் இருந்து ஊர்வலமாக எடுத்து வந்திருக்கிறார்கள். மேலே வருவதற்குள் ஆறிப்போயிருக்கும் என்றாள் அக்கா. எனக்கும் அதுதான் தோன்றியது.

அந்தப் பெருங்கூடத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. சுவரின் கீழ்ப்பகுதி முழுக்க கிரேக்க வீரன் யுலிசிஸின் கதை நெய்த டேப்பஸ்ட்ரி, கம்பளியும் பட்டும் சேர்த்து நெய்த சுவர்த்திரைகள். அதற்கு மேலே கூரை வரை சுற்றிலும் வண்ணம் பூசிய சுதைக் காடு, மரங்கள், மான்கள், வேட்டை, நடுவில் டயானா தேவதை. கணப்புக்கு மேலே அரச முத்திரை. கன்னித் தெய்வம் டயானா யாரைக் குறிக்கிறாள் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரியும், முதலாம் எலிசபெத் ராணி. அவர் வருவார் என்றுதான் இந்தத் தளம் முழுவதும். வரவே இல்லை.

ராணி மட்டும் இல்லை, இன்னொரு கனவும் இங்கே கலைந்தது. பெஸ்ஸின் பேத்தி ஆர்பெல்லா ஸ்டூவர்ட், 1575-இல் பிறந்தவள், அரியணைக்கு உரிமை சொல்லக்கூடிய ரத்தம். தாய் தகப்பன் இல்லாத அவளைப் பாட்டி இங்கே வளர்த்தார். வளர்த்தார் என்பதைவிடக் கண்ணைவிட்டு அகலாமல் வைத்திருந்தார் என்பதுதான் சரி. 1603-இல் தப்பிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த ஆண்டு ராணி இறந்து அரியணை ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸுக்குப் போனது. 1610-இல் அரசரைக் கேட்காமல் வில்லியம் சீமோரைக் கல்யாணம் செய்தாள், சிறைப்பட்டாள், ஆண் வேடத்தில் ஓடி, கடலில் பிடிபட்டு, 1615-இல் லண்டன் டவரில் இறந்தாள். இத்தனை ஜன்னல் இருக்கும் வீட்டில் அவளால் ஒன்றின் வழியாகவும் வெளியேற முடியவில்லை என்பது மனசை என்னவோ செய்தது.

அடுத்து நீள்கூடம். கிழக்குப் பக்கம் வீட்டின் முழு நீளத்துக்கும், 50 மீட்டர்போல. ஒரு பக்கம் ஜன்னல், எதிர்ப்பக்கம் பைபிளில் வரும் கிதியோன் கதையைச் சொல்லும் 13 டேப்பஸ்ட்ரிகள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 6 மீட்டர் உயரம். இவற்றை பெஸ் 1592-இல் வாங்கிய கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில் இவை ராணியின் அமைச்சர் சர் கிறிஸ்டபர் ஹாட்டனுடையவை, அவர் கடனோடு இறந்தபின் வாரிசு விற்றார். விலை 326 பவுண்டுக்கு மேல். ஹாட்டனின் குலச்சின்னம் இருப்பதால் அதை மாற்றச் செலவாகும் என்று பேரம் பேசி 5 பவுண்டு குறைத்துக்கொண்டார். மாற்றியது எப்படி என்றால், அந்தச் சின்னத்தின் மேல் தன் சின்னம் எழுதிய துணியை ஒட்டினார், ஹாட்டனின் பெண்மானுக்குக் கொம்பு வரைந்து தன் குடும்பத்துக் கலைமானாக ஆக்கிவிட்டார். இன்றும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இந்தப் பதின்மூன்றையும் சுத்தம் செய்து பழுதுபார்க்க, இப்போது வீட்டைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு 24 ஆண்டு ஆனது, 2023-இல்தான் முடிந்தது. நெய்த நேரத்தைவிடப் பழுதுபார்த்த நேரம் கூட இருக்கும்.

பெஸ் 1597 அக்டோபரில் குடி புகுந்தார், 70 வயதை ஒட்டி. 1601-இல் வீட்டில் இருந்த ஒவ்வொரு சாமானையும் எழுதிவைத்த பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் அவர் படுக்கையைச் சுற்றி அடுக்கிய கம்பளங்களைப் படித்தால் இந்தக் கண்ணாடி வீட்டில் குளிர் எப்படி இருந்திருக்கும் என்று புரியும். அரசி தங்க வேண்டிய கட்டில் மேலே சும்மா கிடக்க, கீழே அவர் போர்வைக்குள். 1608 பிப்ரவரியில் இறந்தார். கட்டிக்கொண்டே இருக்கும்வரை சாவு வராது என்று அவருக்கு யாரோ குறி சொன்னதாகவும், அந்த ஆண்டு உறைபனியில் சாந்து உறைந்துபோய்க் கொத்தனார்கள் வேலையை நிறுத்தியதும் உயிர் போனதாகவும் ஒரு கதை. கதைதான். ஆனால் உறைபனியில் சுண்ணாம்புச் சாந்து பிடிக்காது என்பது உண்மை.

நான்காம் நாள், ஹாடன் ஹால்

பேக்வெல் ஊருக்குப் பக்கம், வை ஆற்றின் மேலே. காலையில் மழை, மத்தியானம் வெயில்.

ஹார்ட்விக்கில் எதைத் திருப்பிப்போட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் இங்கே வர வேண்டும். 14ஆம் நூற்றாண்டுக் கூடம், ஓரத்தில் வாசல், மரத்தடுப்பு, தடுப்பின் மறுபக்கம் அடுக்களைக்கும் சரக்கறைக்கும் போகும் கதவுகள். இரண்டு முற்றம், சுற்றிலும் யார் யாரோ எப்போதெப்போதோ சேர்த்த அறைகள். எந்த இரண்டு கோடும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. அடுக்களையில் மரப்பலகைகள் வெட்டி வெட்டிக் குழிந்து கிடக்கின்றன, உள்ளங்கையை வைத்தால் பொருந்துகிறது. கூடத்துத் தடுப்பில் ஒரு இரும்பு வளையம், விருந்தில் குடிக்க மறுப்பவன் கையை அதில் மாட்டிச் சட்டைக் கைக்குள் பானத்தை ஊற்றுவார்களாம்.

வெர்னன் குடும்பத்து வீடு. டோரதி வெர்னன் ஜான் மேனர்ஸைக் கட்டியதால் மேனர்ஸ் குடும்பத்துக்குப் போனது. நடன விருந்தின் நடுவே அவள் படியிறங்கி அவனோடு ஓடிப்போனாள் என்று ஒரு கதையை இங்கே ஆசையாகச் சொல்கிறார்கள், அது 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. நீள்கூடத்து ஜன்னல்களைப் பாருங்கள், கண்ணாடிகள் சமதளமாக இல்லாமல் அலையலையாகப் புடைத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாக வெளிச்சத்தைத் திருப்புகிறது. வெயில் வந்த அந்த நேரத்தில் வெளியே இருந்து பார்க்க ஜன்னல் மூச்சு விடுவதுபோல் இருந்தது.

மேனர்ஸ் குடும்பம் 1703-இல் ரட்லண்ட் டியூக் என்ற பெரிய பிரபுப் பட்டம் பெற்றதும் பெல்வாய்ர் கோட்டைக்குப் போய்விட்டது. அப்புறம் இருநூறு வருடம் ஹாடனில் யாரும் நிரந்தரமாகக் குடியில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்பதாவது டியூக் வந்து மெதுவாகச் சரிசெய்தார். சிற்றாலயத்தில் மதச் சீர்திருத்தக் காலத்தில் வெள்ளையடித்து மூடிய சுவர்ச்சித்திரங்கள் அப்போதுதான் வெளிவந்தன. தோளில் குழந்தையைச் சுமந்து ஆறு கடக்கும் புனித கிறிஸ்டபர் இப்போது சுவரில் இருக்கிறார், காலடியில் மீன்களோடு. மூடிய சுண்ணாம்பே அவரைக் காப்பாற்றியும் இருக்கிறது.

இரவு இதை எழுதும்போது ஒன்று உறைக்கிறது. ஹார்ட்விக்கும் அப்படித்தான். பெஸ்ஸின் மகன் வழியினர் டெவன்ஷர் டியூக்குகள் ஆனார்கள், சாட்ஸ்வர்த்தில் இருந்தார்கள், ஹார்ட்விக்கை எப்போதாவது வந்து போகும் வீடாக விட்டுவிட்டார்கள். அதனால் யாரும் அதை நாகரிகத்துக்கு ஏற்ப மாற்றவில்லை. பிரியமாக வைத்திருந்த வீட்டுக்கு என்ன ஆனது என்று நாளை பார்க்க வேண்டும்.

ஐந்தாம் நாள், சாட்ஸ்வர்த், திரும்பும் வழி

பெஸ்ஸும் கேவண்டிஷும் 1549-இல் 600 பவுண்டுக்கு வாங்கி 1552-இல் வீடு கட்டத் தொடங்கிய இடம். அந்த வீட்டில் இன்று கண்ணுக்குத் தெரிவது ஒன்றுமில்லை. பின்னால் குன்றின் மேல் நிற்கும் வேட்டைக் கோபுரம் அவர் காலத்தது. 1687-இல் முதலாவது டெவன்ஷர் டியூக் தெற்குப் பக்கத்தை மட்டும் மாற்றத் தொடங்கி, நிறுத்த மனமில்லாமல் 1707-க்குள் நாலு பக்கத்தையும் புதிதாகவே கட்டிவிட்டார். நல்ல வீடுதான், பொன்னும் சித்திரமும் பளபளப்பும். எனக்கு அறை அறையாகப் போகப் போகக் கால் வலித்ததே தவிர மனசு எங்கும் நிற்கவில்லை.

தோட்டத்தில் நின்றது. ஜோசப் பாக்ஸ்டன் 22 வயதில், 1826-இல், தலைமைத் தோட்டக்காரராக இங்கே வந்தார். 1836-இல் தொடங்கி பிரம்மாண்டமான ஒரு கண்ணாடி வீட்டைக் கட்டினார், அந்த அனுபவத்தில்தான் 1851 லண்டன் பொருட்காட்சிக்குக் கிரிஸ்டல் பேலஸைக் கட்டினார். இங்கிருந்த கண்ணாடி வீடு 1920-இல் இடிக்கப்பட்டது, முதல் உலகப் போரில் நிலக்கரி இல்லாமல் உள்ளே செடிகள் செத்துவிட்டன. இப்போது அடித்தளச் சுவரும் அதற்குள் செடிகளும். ஆனால் அவர் வளர்த்த ஒரு செடி சாகவில்லை. மொரிஷியஸில் இருந்து வந்த வாழைக்கன்று ஒன்றை இங்கே பூக்கவைத்தார், முதலாளி ஆறாவது டியூக்கின் குடும்பப் பெயரில் கேவண்டிஷ் என்று அதற்குப் பெயர். நம் ஊர்க் கடையில் ரோபஸ்டா என்றும் ஜி-9 என்றும் தொங்கும் தார்கள், தேனிப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போடுவது, எல்லாம் அந்தக் கேவண்டிஷ் இனம்தான். பெஸ்ஸின் இரண்டாவது கணவர் பெயரைத் தினமும் சொல்லாமலே சாப்பிடுகிறோம்.

1950-இல் பத்தாவது டியூக் இறந்தபோது வாரிசு வரி 80 சதவீதம். சாட்ஸ்வர்த்தை வைத்துக்கொள்ள மற்றவற்றைக் கொடுக்க வேண்டியிருந்தது, அப்படிப் போனவற்றில் ஹார்ட்விக் ஒன்று, 1959-இல் நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது. ஒன்பதாவது டெவன்ஷர் டியூக்கின் விதவை ஈவ்லின் 1960-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார், ஊசி நூலோடு பழைய டேப்பஸ்ட்ரிகளைத் தானே தைத்துக்கொண்டு. தொடங்கியதும் ஒரு விதவை, கடைசியாகக் குடியிருந்ததும் ஒரு விதவை.

சாயங்காலம் எம்1 நெடுஞ்சாலை வழியாகத் திரும்பினோம். அக்கா தூங்கிவிட்டாள். 29ஆம் சந்திப்பைத் தாண்டியதும் அத்தான் ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் குறைத்தார். இடது பக்கம் மேட்டின் மேல் ஹார்ட்விக். மேற்கு வெயில் நேராக அதன் மேல் விழுந்து உச்சித் தளத்து ஜன்னல்கள் அத்தனையும் தீப்பிடித்த மாதிரி சிவந்திருந்தன, ராணிக்கென்று கட்டிய அந்தத் தளம்தான். போன் எடுப்பதற்குள் மரங்கள் மறைத்துவிட்டன.